உயரம் ஒன்றுதான், ஆங்கிலத்தில் சொல் இரண்டு: ‘டால்’ எங்கே, ‘ஹை’ எங்கே?

பாளையங்கோட்டையில் ஹைகிரவுண்டு எங்கே என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் கை காட்டும். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிற பகுதி. அதை ‘டால் கிரவுண்டு’ என்று யாராவது சொன்னால் காதில் ஒட்டாது. இலக்கணம் படிக்காதவருக்கும் ஒட்டாது. ஆனால் அதே ஊர்க்காரர் வேலைக்கான நேர்காணலில் தன் அண்ணனைப் பற்றிச் சொல்லும்போது ‘மை பிரதர் இஸ் வெரி ஹை’ என்று சொல்லிவிடுகிறார். அண்ணன் ஆறடி ஆள் என்று அவர் சொல்ல நினைத்தார். எதிரே இருப்பவர் காதில் விழுந்தது, அண்ணன் நல்ல போதையில் இருக்கிறார் என்பது.

இந்தத் தடுமாற்றம் அறிவுக்குறைவால் வருவதில்லை. தமிழில் ‘உயரமான’ என்ற ஒரே சொல் எல்லா வேலையையும் பார்த்துவிடுகிறது. மரமும் உயரம், மலையும் உயரம், சுவரும் உயரம். ‘உயர்ந்த’ என்று கொஞ்சம் மாற்றினால் சம்பளம், பதவி, எண்ணம், சாதம் பொங்கும் அரிசியின் தரம் வரைக்கும் போகும். ஆங்கிலம் இந்த ஒரு வயலை இரண்டாக வரப்புக் கட்டிப் பிரித்திருக்கிறது. வரப்பு எங்கே ஓடுகிறது என்று தெரிந்தால் போதும், சொல் தானே வரும்.

நெல்லைச் சீமையின் பேச்சுத் தமிழில் அந்த வரப்பு ஏற்கெனவே இருக்கிறது. ‘பனை ஒசரமா நிக்கு’ என்கிறோம். ‘கலயம் ஒசரத்துல இருக்கு’ என்கிறோம். ‘ஒசரமா’ வேறு, ‘ஒசரத்துல’ வேறு. முதலாவது ‘டால்’, இரண்டாவது ‘ஹை’. கீழே வருவதெல்லாம் இந்த ஒரு வேறுபாட்டின் விரிவுதான். கூடவே அது செல்லாத சில இடங்களும்.

## எதை வைத்துத் தீர்மானிப்பது

எழுதும்போதோ பேசும்போதோ சொல் முட்டினால் ஐந்து கேள்விகளை இந்த வரிசையிலேயே கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் முதல் இரண்டிலேயே விடை கிடைத்துவிடும்.

1. பேசுவது மனிதரைப் பற்றியா? ஆம் என்றால் ‘டால்’. உடல் உயரத்துக்கு விதிவிலக்கு, நிற்கத் தொடங்காத பச்சைக் குழந்தை மட்டும்தான்.
2. கையால் தொட முடியாத ஒன்றா? விலை, வெப்பம், ரத்த அழுத்தம், மதிப்பெண், வேகம், தரம் போன்றவையா? ஆம் என்றால் ‘ஹை’.
3. பொருள் தன் அடியிலிருந்து எழுந்து நிற்கிறதா, அல்லது தரையை விட்டு மேலே ஓர் இடத்தில் இருக்கிறதா? நின்றால் ‘டால்’ பக்கம், மேலே இருந்தால் ‘ஹை’.
4. நிற்கிறது என்றால், ஒல்லியாக நிற்கிறதா, அகலமாகப் பரந்து நிற்கிறதா? ஒல்லி என்றால் ‘டால்’. பரந்தது என்றால் ‘ஹை’ பொருத்தம்.
5. அதன் எதிர்ச்சொல் என்ன? ‘ஷார்ட்’ என்று வந்தால் ‘டால்’. ‘லோ’ என்று வந்தால் ‘ஹை’.

ஐந்தாவது கேள்விதான் கைவசம் இருக்கும் அளவுகோல். குட்டையான ஆள் ‘ஷார்ட்’. ஆகவே நெட்டையான ஆள் ‘டால்’. குறைந்த சம்பளம் ‘லோ’. ஆகவே கூடுதல் சம்பளம் ‘ஹை’. தாழ்வான கூரை ‘லோ’. உயரக் கூரை ‘ஹை’. ‘குட்டை × நெட்டை’ என்று தமிழில் சொல்ல முடிகிற இடமெல்லாம் ‘டால்’ என்று வைத்துக்கொண்டால் பத்துக்கு ஒன்பது தடவை சரியாக இருக்கும். நெட்டைப் பனை உண்டு, நெட்டைத் தென்னை உண்டு, நெட்டைச் சம்பளம் கிடையாது.

## டால்: அடி ஊன்றி நிற்பவை

இந்தச் சொல்லின் பிறப்பே மனிதரோடு சேர்ந்தது. பழைய ஆங்கிலத்தில் இதன் மூலச்சொல்லுக்கு விரைவான, சுறுசுறுப்பான என்று பொருள். இடைக்காலத்தில் அழகன், தைரியசாலி என்ற பொருளில் ஆண்களுக்குச் சொன்னார்கள். 16ஆம் நூற்றாண்டில்தான் உடல் உயரம் என்ற பொருள் நிலைபெற்றது. ஆளைப் பற்றிய சொல்லாகவே வளர்ந்ததால், ஆளைப் போல நிமிர்ந்து நிற்கிற பொருள்களுக்குத்தான் அது இயல்பாக ஒட்டுகிறது. மரம், கம்பம், புகைபோக்கி, கோபுரம், கட்டடம், சிலை, தேர், ஒட்டகச்சிவிங்கி, உயரக் கண்ணாடி டம்ளர், ஆள் மறையும் புல் எல்லாமே ‘டால்’.

கவனிக்க வேண்டியது வடிவம். உயரம் அகலத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். திசையன்விளை, ராதாபுரம் பக்கத்துப் பனைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் இல்லை: முழு வளர்ச்சி பெற்ற பனை 30 மீட்டர் வரை போகும், தண்டோ ஓர் ஆள் கட்டிப்பிடிக்கும் அளவுதான். ஆனித் திருவிழாவில் நெல்லையப்பர் தேர் ரத வீதியில் நிற்கும்போது அதுவும் ‘டால்’. சக்கரத்தில் ஊன்றி, தட்டுத்தட்டாக மேலே குறுகிப் போகிறது அல்லவா?

கன்னியாகுமரி வள்ளுவர் சிலையை ‘133 அடி டால்’ என்று சொல்வது சரி. 38 அடி பீடமும் 95 அடி சிலையும் சேர்ந்த கணக்கு அது, அடிமுதல் உச்சிவரை. குஜராத்தில் 2018இல் திறந்த ஒற்றுமைச் சிலை 182 மீட்டர், உலகின் ‘டாலஸ்ட்’ சிலை. துபாயின் புர்ஜ் கலீஃபா 828 மீட்டர், ‘டாலஸ்ட்’ கட்டடம். மூன்றிலும் அளவு அடியிலிருந்துதான் தொடங்குகிறது. கடல்மட்டம் எங்கே என்று யாரும் கேட்பதில்லை.

அளவு சொல்லும்போது எண் முன்னால், சொல் பின்னால்: ‘ஷி இஸ் 160 சென்டிமீட்டர்ஸ் டால்’. கேட்கும்போது ‘ஹவ் டால் ஆர் யூ?’. நம் ஊரில் ‘வாட் இஸ் யுவர் ஹைட்?’ என்று கேட்கிறோம். தவறில்லை, விண்ணப்பப் படிவத்தின் வாடை அடிக்கும், அவ்வளவுதான். காவலர் தேர்வுக்கு இத்தனை சென்டிமீட்டர் வேண்டும் என்பதைப் படிவத்தில் ‘ஹைட்’ என்ற பெயர்ச்சொல்லே சொல்லிவிடும். அங்கே இந்த இரண்டு சொல்லுமே தேவைப்படாது.

உச்சரிப்பில் ஒரு சங்கதி. ‘டால்’ என்று தமிழில் எழுதினாலும் உயிர் ஆவன்னாவுக்கும் ஓவன்னாவுக்கும் நடுவில், நீட்டிச் சொல்ல வேண்டியது. ஒப்பிடும் வடிவத்தை ‘டாலர்’ என்று எழுதினால் அமெரிக்கக் காசின் பெயர் போலவே தெரியும். காசில் அந்த உயிர் குறில், இதில் நெடில். நீட்டாமல் சொன்னால் ‘ராமுவைவிட நான் டாலர்’ என்பது பண விஷயமாகிவிடும்.

## ஹை: மேலே இருப்பவை, மட்டம் ஏறியவை

‘டால்’ ஒரு தோப்பு என்றால் ‘ஹை’ ஊர் முழுக்கப் பரவிய நிலம். மூன்று பெரிய வேலைகள் அதற்கு.

முதல் வேலை, இடம். தரையிலிருந்து எவ்வளவு தொலைவில் ஒன்று இருக்கிறது என்பது. கூரை, மேகம், விளக்கு, பரண், பனையில் கட்டிய கலயம். பாளையில் கட்டியிருக்கும் கலயம் ஒரு சாண் உயரம்தான். ‘டால்’ என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் அது தொங்குகிற இடம் எண்பது அடிக்கு மேலே. அதுதான் ‘ஹை’. அடியில் நின்று ‘ஏல, கலயம் எங்க கட்டிருக்கு?’ என்று கேட்டால் மேலிருந்து ‘நல்லா ஒசரத்துல’ என்று பதில் வரும். ‘கலயம் ஒசரமா இருக்கு’ என்று வராது. ஆங்கிலத்திலும் அப்படித்தான். ஒரு நுட்பம்: இந்த இடத்தில் ‘தி பாட் இஸ் ஹை’ என்று மொட்டையாக விட்டால் பாதியில் நின்றது போலிருக்கும். ‘ஹை அப் இன் தி ட்ரீ’ என்று ‘அப்’ சேர்த்தால் இயல்பாக வரும். இன்னும் மேலே என்றால் ‘ஹையர் அப்’.

இரண்டாவது வேலை, பரந்து நிற்பவை. மலை, சுவர், வேலி, அணை, கரை. அகத்தியர் மலை 1,868 மீட்டர், அது ‘ஹை’. மலைக்கு ‘டால்’ போடுவோரும் ஆங்கிலேயரில் உண்டு, அமெரிக்காவில் இன்னும் கூடுதலாக உண்டு. இருந்தாலும் மலை என்றால் ‘ஹை’ என்றே பழகிக்கொள்வது நல்லது. எந்த நாட்டிலும் பிசகாது. அணைக்கும் அப்படியே. எகிப்தில் 1970இல் கட்டி முடித்த அஸ்வான் அணையின் பெயரே ‘ஹை டேம்’. நம் பாபநாசம் அணைக்கு 143 அடி, மணிமுத்தாறுக்கு 118 அடி என்று தினமும் பத்திரிகையில் நீர்மட்டம் வருகிறதே, அந்த மட்டம் ஏறினால் ‘தி வாட்டர் லெவல் இஸ் ஹை’. மட்டம் ஒருநாளும் ‘டால்’ ஆகாது, ஏனென்றால் மட்டம் நிற்பதில்லை, ஏறி இறங்குகிறது.

மூன்றாவது வேலைதான் அன்றாடத்தில் கூடுதலாகத் தேவைப்படுவது: கண்ணுக்குத் தெரியாத மட்டங்கள். காய்ச்சல், பிரஷர், சுகர், வோல்டேஜ், வட்டி, விலை, வேகம், எதிர்பார்ப்பு, ஆபத்து. ஓர் அளவுகோலில் மேலே ஏறிய எதுவும் ‘ஹை’. பதவியும் படிநிலையும் இதில் சேரும்: ஹைகோர்ட், ஹைகமாண்ட், ஹைஸ்கூல். தாமிரபரணியில் தரைப்பாலத்துக்குப் பதிலாகக் கட்டுவதை உயர்மட்டப் பாலம் என்கிறோம், ஆங்கிலத்தில் ‘ஹை லெவல் பிரிட்ஜ்’.

இன்னொரு வசதி ‘ஹை’க்கு உண்டு, ‘டாலு’க்கு ‘ஸ்டாண்ட் டால்’ போன்ற ஓரிரு இடம் தவிரக் கிடையாது. அது வினைச்சொல்லோடும் ஒட்டும். ‘ஜம்ப் ஹை’, ‘ஃபிளை ஹை’, ‘எய்ம் ஹை’. பாளையங்கோட்டை அண்ணா விளையாட்டரங்கில் ஓடுகிற பையன் ‘டால்’. அவன் தாண்டுவது ‘ஹை ஜம்ப்’. நெட்டையாக இருப்பதால் தாண்டல் ‘டால் ஜம்ப்’ ஆகிவிடாது. இங்கே ‘ஹைலி’ என்று போடுவது அடிக்கடி நடக்கும் தவறு. ‘ஹைலி’ என்றால் மிகவும் என்று பொருள்: ‘ஹைலி குவாலிஃபைடு’. பறவை ‘ஹைலி’ பறக்காது.

## இரண்டும் செல்லும் இடங்கள், பொருள் மாறும் இடங்கள்

சுவர், வேலி, கோபுரம், கட்டடம், அணை, அருவி. இவற்றில் எதைப் போட்டாலும் தவறென்று யாரும் சொல்ல மாட்டார்கள். இருந்தாலும் எடை ஒன்றல்ல. கட்டடத்துக்குத் தனியாகச் சொன்னால் ‘டால் பில்டிங்’ இயல்பு; கூட்டுச்சொல்லில் ‘ஹை ரைஸ்’ மட்டுமே. தமிழ்நாட்டுக் கட்டட விதிகள் 18.30 மீட்டருக்கு மேற்பட்டதை ‘ஹை ரைஸ்’ என்றுதான் வகைப்படுத்துகின்றன. காம்பவுண்டு சுவருக்கு ‘சிக்ஸ் ஃபீட் ஹை’ என்பதே கொத்தனார் முதல் இன்ஜினியர் வரை எழுதுவது.

கூடுதல் கவனம் வேண்டியவை, இரண்டும் செல்லும் ஆனால் பொருளே மாறிவிடும் சொற்கள். இங்கேதான் தேர்வு உண்மையில் முக்கியமாகிறது.

அடுக்களை அலமாரியை எடுத்துக்கொள்ளுங்கள். ‘டால் ஷெல்ஃப்’ என்றால் தரையிலிருந்து கூரை வரை நிமிர்ந்து நிற்கும் அலமாரி. ‘ஹை ஷெல்ஃப்’ என்றால் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் அடித்த பலகை. அல்வா டப்பாவை ஒளித்து வைக்கும் இடம். பலகை ஒரு விரல் கனம்தான் இருக்கும். ‘டால் விண்டோ’ என்றால் நெடிய சன்னல், வாசல் மாதிரி. ‘ஹை விண்டோ’ என்றால் கூரையை ஒட்டிய சின்னச் சன்னல். ஆன்லைனில் பொருள் வாங்கும்போதும், வீட்டு வேலைக்கு ஆங்கிலத்தில் குறிப்பு எழுதும்போதும் இந்த ஒரு சொல் மாறினால் வேறு பொருள் வந்து இறங்கும்.

கோயிலுக்கு வருவோம். தென்காசி காசி விசுவநாதர் கோயிலின் ராஜகோபுரம் ஒன்பது நிலை, சமதரையில் நிற்கிறது. பண்பொழி திருமலைக் குமாரசுவாமி கோயில் மலைமேல் இருக்கிறது. ‘விச் இஸ் டாலர்?’ என்று கேட்டால் விடை தென்காசி. ‘விச் இஸ் ஹையர்?’ என்று கேட்டால் விடை பண்பொழி. கேள்வியில் ஒரு சொல் மாறியது, விடை மாறிவிட்டது.

உலக அளவிலும் இதே கணக்கு உண்டு. எவரெஸ்ட் 8,848.86 மீட்டர், கடல்மட்டத்திலிருந்து, ஆகவே ‘ஹையஸ்ட்’. ஹவாய்த் தீவின் மௌனா கியா கடல்மட்டத்திலிருந்து 4,207 மீட்டர்தான். ஆனால் அதன் அடிவாரம் கடலுக்குள் கிடக்கிறது. கடல்தரையிலிருந்து உச்சி வரை அளந்தால் 10,000 மீட்டரைத் தாண்டும். அதனால்தான் அதை உலகின் ‘டாலஸ்ட்’ மலை என்கிறார்கள். பாலங்களில் காஷ்மீரின் செனாப் ரயில் பாலம் ஆற்றுக்கு மேல் 359 மீட்டர். ரயில் செல்லும் வளைவுப் பாலங்களில் அது ‘ஹையஸ்ட்’. பிரான்சில் 2004இல் திறந்த மில்லோ பாலத்தைத் தூணின் அடியிலிருந்து மேல் நுனி வரை அளந்து 343 மீட்டர் என்பார்கள், அதற்கு ‘டால்’. போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் இந்த நான்கையும் சொல்லோடு சேர்த்தே மனப்பாடம் செய்ய வேண்டும்; எண் சரியாக இருந்தும் சொல் மாறினால் வாக்கியம் பொய்யாகிவிடும்.

குற்றாலத்தில் கொஞ்சம் சிக்கல். அருவிக்கு ‘ஹை’ சொன்னால் விழும் உயரமா, இருக்கும் இடமா என்று தெரியாது. பேரருவிக்கு மேலே மலைக்குள் இருக்கிறது செண்பகாதேவி. ‘செண்பகாதேவி இஸ் ஹையர்’ என்றால் கேட்கிறவர் தண்ணீர் கூடுதல் உயரத்திலிருந்து விழுகிறது என்றும் எடுத்துக்கொள்ளலாம். இடத்தைத்தான் சொல்கிறீர்கள் என்றால் ‘ஹையர் அப்’ அல்லது ‘அப்பர்’. விழும் உயரத்தைச் சொல்கிறீர்கள் என்றால் ‘டாலர்’ என்பதே தெளிவு. பேரருவி நடுவில் பொங்குமாகடலில் விழுந்து தேங்கிப் பிறகு வழிகிறதே, அந்தப் பொங்குமாகடல் இருப்பது ‘ஹை அப்’.

## மறைந்திருக்கும் செலவுகள்

‘ஹை’யின் பெரிய செலவைத் தொடக்கத்திலேயே பார்த்தோம்: மனிதரோடு ஒட்டினால் போதை. ‘ஹவ் ஹை ஆர் யூ?’ என்ற கேள்வி ஒரே ஓர் இடத்தில்தான் சரி: பணகுடியில் காற்றாலைக் கோபுரத்தில் ஏறிக்கொண்டிருப்பவரிடம், எவ்வளவு தூரம் ஏறிவிட்டாய் என்று போனில் கேட்கும்போது. இறைச்சியை ‘ஹை’ என்று ஓர் ஆங்கிலேயர் சொன்னால் வாடை வரத் தொடங்கிவிட்டது என்று பொருள்; சமையல் வேலைக்குப் போகிறவர்கள் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்த செலவு, ‘ஹை’யை வேலியில்லாமல் மேய விடுவது. எல்லா ‘கூடுதலும்’ ஹை அல்ல. மழை ‘ஹெவி’. டிராஃபிக் ‘ஹெவி’. காற்று பெரும்பாலும் ‘ஸ்ட்ராங்’; ‘ஹை விண்ட்ஸ்’ என்று பன்மையில் வானிலை அறிக்கை சொல்லும். குரலில் தவறு நிறைய: ‘ஹை வாய்ஸ்’ என்றால் கீச்சென்ற குரல். சத்தமாகப் பேசச் சொல்ல வேண்டுமானால் ‘லவுட்’. விலை ‘ஹை’, பொருள் ‘எக்ஸ்பென்சிவ்’. ‘ரைஸ் இஸ் ஹை’ என்றால் அரிசி எங்கேயோ மேலே இருக்கிறது என்றாகும். ‘தி பிரைஸ் ஆஃப் ரைஸ் இஸ் ஹை’ என்று விலையைச் சொல்ல வேண்டும். உயர்கல்வி ‘ஹையர் எஜுகேஷன்’, ‘ஹை எஜுகேஷன்’ அல்ல. உயர்ந்த மனிதர், உயர்ந்த எண்ணம் என்னும்போது இரண்டு சொல்லும் வேண்டாம். ‘கிரேட்’, ‘நோபிள்’ என்று போய்விடுங்கள்.

‘டாலி’ன் செலவு வேறு மாதிரி. தொட முடியாதவற்றோடு அது சேர்ந்தால் நம்ப முடியாமை ஏறிக்கொள்ளும். ‘டால் ஸ்டோரி’ கட்டிவிட்ட கதை. ‘டால் கிளெய்ம்’ மிகைப்பட்ட உரிமைகோரல். ‘டால் ஆர்டர்’ நிறைவேற்றக் கடினமான வேலை. ஆகவே ‘ஐ ஹேவ் டால் ஆம்பிஷன்ஸ்’ என்று விண்ணப்பத்தில் எழுதினால் லட்சியம் உள்ளவர் என்று தோன்றாது, வாய்ச்சவடால்காரர் என்று தோன்றும். ‘ஹை ஆம்பிஷன்ஸ்’ என்று எழுதுங்கள்.

நம் ஆங்கிலப் பத்திரிகைகள் பெரிய தலைவர்களை ‘டால் லீடர்’ என்று எழுதுகின்றன. இந்தியாவுக்குள் அது மதிப்பான வழக்கு. விட்டுவிட வேண்டும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வெளிநாட்டு வாசகர் அதை உடல் உயரமாகவே படிப்பார். காமராஜரை அப்படி எழுதினால் இரண்டு பொருளிலும் பொருந்திவிடும். மற்றவர்களுக்கு வெளிநாட்டில் ‘டவரிங் லீடர்’ என்றோ ‘கிரேட் லீடர்’ என்றோ எழுதுவது பத்திரம்.

பெயர்ச்சொல்லில் இருவருக்கும் பொதுச் சொத்து ‘ஹைட்’. ‘டால்னஸ்’ அரிது, ‘ஹைனஸ்’ அரச குடும்பத்தாரை விளிக்கும் பட்டம். எழுத்து: எச்-ஈ-ஐ-ஜி-எச்-டி. கடைசியில் ‘டி எச்’ போட்டு ‘ஹைத்’ என்று படிக்கும் பழக்கம் நம் வகுப்பறைகளில் நிறைய. அகலம், நீளம் இரண்டுக்குமான ஆங்கிலச் சொற்கள் ‘த்’ என்று முடிவதால் வந்த வழுக்கல் அது.

## ஒரு பார்வையில்

| பொருள் | டால் | ஹை | கவனிக்க |
|---|---|---|---|
| மனிதர் | ஆம் | இல்லை | ஹை என்றால் போதை |
| பனை, கம்பம், புகைபோக்கி | ஆம் | அரிது | ஒல்லியாக நிற்பது |
| கோபுரம், கட்டடம் | ஆம் | செல்லும் | கூட்டுச்சொல்லில் ஹை ரைஸ் |
| சுவர், வேலி, அணை | செல்லும் | ஆம் | அளவோடு வந்தால் ஹை |
| மலை | சில நாடுகளில் | ஆம் | கடல்மட்டக் கணக்கு |
| கூரை, மேகம், கலயம் | இல்லை | ஆம் | ‘ஹை அப்’ இன்னும் நல்லது |
| அலமாரி, சன்னல் | நெடியது | மேலே இருப்பது | பொருளே மாறும் |
| விலை, காய்ச்சல், வேகம் | இல்லை | ஆம் | மழைக்கு ஹெவி |
| கதை, உரிமைகோரல் | மிகை என்ற பொருளில் | இல்லை | விண்ணப்பத்தில் தவிர்க்க |

## யாருக்கு எது கூடுதலாகத் தேவை

நர்ஸ் வேலைக்கு வளைகுடாவுக்கும் இங்கிலாந்துக்கும் போகிறவர்களுக்கு ‘ஹை’தான் நாள் முழுக்க வாயில் வரும்: ஹை ஃபீவர், ஹை பிபி, ஹை டோஸ், ஹை ரிஸ்க். இரண்டே எச்சரிக்கை. ஒன்று, மட்டத்தைச் சொல்லுங்கள், ஆளைச் சொல்லாதீர்கள்: ‘ஹிஸ் பிரஷர் இஸ் ஹை’ சரி, அவசரத்தில் ‘பேஷன்ட் இஸ் ஹை’ என்று ஷிஃப்ட் மாறும்போது சொன்னால், போதைப்பொருள் எடுத்தவர் என்று அடுத்த நர்ஸ் புரிந்துகொள்வார், அப்படியே குறிப்பிலும் ஏறும். இரண்டு, பச்சைக் குழந்தை ‘டால்’ அல்ல, ‘லாங்’. இரண்டு வயது வரை படுக்க வைத்து அளப்பதால் அதை ‘லெங்த்’ என்று எழுதுவார்கள்; நிற்க வைத்து அளக்கத் தொடங்கிய பிறகு ‘ஹைட்’.

கயத்தாறு, பணகுடி, ராதாபுரம் காற்றாலைகளில் வேலை பார்ப்பவர்கள் இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கையாள வேண்டியிருக்கும். கோபுரம் 80 மீட்டர் ‘டால்’. அதன் உச்சியில் இருக்கும் ஜெனரேட்டர் பெட்டி ‘80 மீட்டர்ஸ் அப்’ அல்லது ‘80 மீட்டர்ஸ் அபவ் தி கிரவுண்ட்’. பெட்டி தானே ஓர் அறை உயரம்தான். ‘80 மீட்டர்ஸ் டால்’ என்று அறிக்கையில் எழுதினால் அதன் அளவே தப்பாகிவிடும். காற்றின் வேகம் ‘ஹை’. பாதுகாப்பு விதிகளில் வரும் தலைப்பு ‘ஒர்க்கிங் அட் ஹைட்’, அங்கே பெயர்ச்சொல் மட்டும்.

ஓட்டல், காபிக்கடை வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: ஸ்டார்பக்ஸில் ‘டால்’ என்பது 12 அவுன்ஸ், ஏறக்குறைய 354 மில்லி. பெயரைப் பார்த்துப் பெரிய கப் என்று நினைக்க வேண்டாம். அதற்கு மேல் இன்னும் பெரிய கப்புகள் இருக்கின்றன.

பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒப்பீட்டுப் பாடம் நடத்தும்போது மூன்று வடிவங்களையும் எப்போதும் ‘டால்’ வைத்தே சொல்லிக் கொடுக்கிறோம். ராமு இப்படி, சோமு அப்படி என்று ஆள்களை நிறுத்தி வைத்தே வாக்கியம் போடுகிறோம். அதனால் பிள்ளை ‘டால்’ என்றால் உயரம் என்ற ஒற்றைப் பொருளை எடுத்துக்கொண்டு மலைக்கும் விலைக்கும் போகிறது. அதே பாடத்தில் பாபநாசம் அணை மட்டத்தையும் அகத்தியர் மலையையும் வைத்து ‘ஹை, ஹையர், ஹையஸ்ட்’ என்று இன்னொரு வரிசை போட்டால் இரண்டு சொல்லும் ஒரே நாளில் தனித்தனியாக நிற்கும்.

## கை பழக ஐந்து வாக்கியம்

விடையை மறைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள்.

‘மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டம் உயரத்தில் இருக்கிறது.’ இடம், ஆகவே ‘ஹை அப் இன் தி ஹில்ஸ்’. தேயிலைச் செடியோ இடுப்பளவுதான், அது ‘ஷார்ட்’.

‘நெல்லை ஜங்ஷன் ஈரடுக்குப் பாலத்தின் மேல்தளம் உயரமானது.’ இரண்டு தளத்தில் மேலே இருப்பது என்பதால் ‘அப்பர் டெக்’. ‘ஹை’ சொன்னாலும் புரியும், ‘டால்’ புரியாது.

‘என் மகள் என்னைவிட உயரம், அவள் சம்பளமும் என்னைவிட உயர்வு.’ மகளுக்கு ‘டாலர்’, சம்பளத்துக்கு ‘ஹையர்’. ஒரே வாக்கியத்தில் இரண்டையும் மாற்றிப் போடாமல் சொல்ல வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

‘அந்தத் தெருவில் மதில் உயரம், அதனால் உள்ளே ஒன்றும் தெரியாது.’ பரந்து நிற்பது; ‘ஹை வால்’.

‘காற்றுக்குச் சாய்ந்து விழுந்த பனை நாற்பது அடி.’ நின்றபோது அது ‘டால்’. உச்சிக் கலயம் ‘ஹை’. இப்போது படுத்துவிட்டது, நிற்கவில்லை, மேலேயும் இல்லை. ‘ஃபார்ட்டி ஃபீட் லாங்’.